அடித்தல் ஒன்று

கூட்டம் இன்னும் தொடங்கவில்லை. அது நடந்து முடிந்த விவரம் அவள் மடியில் இருந்த நோட்டில் ஏற்கெனவே இருந்தது.

கட்சிக் கிளையில் அதுதான் வழக்கம். தீர்மானங்களைக் காலையிலேயே வீட்டில் உட்கார்ந்து எழுதிவிடுவாள். கூட்டம் பேச்சும் டீயுமாகப் போகும். கடைசியில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போவார்கள். பதினோரு வருடத்தில் அவள் எழுதி வந்தது ஒருமுறைகூட மாறியதில்லை. மாற்றுவதற்கு அந்தக் கிளையில் ஆளும் இல்லை.

மொத்தம் ஒன்பது பேர். அதில் ஆறு பேர் அவள் சேர்த்தவர்கள்.

இன்றைக்கு ஒரே தீர்மானம். நகராட்சித் தேர்தலில் ஏழாவது வார்டுக்கு வேட்பாளர்.

வார்டை இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். கிளையில் பெண் என்று இருந்தது அவள் ஒருத்திதான். போன வாரம் செயலாளர் ஆவுடைநாயகமே அவள் வாசலில் வண்டியை நிறுத்தி, "ஒம் பேரையே எழுதிரும்மா, வேற யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எழுதிவிட்டாள். பெயர் வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாக எழுதினாள்.

தையல்கடைக்குப் பின்னால் இருந்த அந்த அறைக்குள் செயலாளர் வந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய மருமகள் சுகிர்தா. சென்னையிலிருந்து முந்தாநாள்தான் வந்தவள். ஓட்டு மட்டும் இந்த ஊரில் இருந்தது. கழுத்தில் கட்சித் துண்டு. அதன் மடிப்பு இன்னும் கலையவில்லை.

மடியில் நோட்டோடு இருந்தவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மாவட்டத்திலிருந்து கடிதம் என்று செயலாளர் ஒரு தாளை விரித்தார். படித்த பெண். இளைய தலைமுறை. கட்சிக்குப் புது முகம். நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"சம்மதப்படுதவங்க கையத் தூக்குங்க."

தங்கப்பழத்தின் கைதான் முதலில் ஏறியது. அவருடைய முதியோர் உதவித்தொகைக்காகத் தாலுகா ஆபீசுக்கு அவள் நான்கு தடவை நடந்திருக்கிறாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கையை உயர்த்தினார். அதற்குப் பிறகு மற்றவர்களுக்குச் சுலபமாகிவிட்டது.

எட்டுக் கைகள்.

செயலாளர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நீயும் தூக்கிட்டேன்னா ஏகமனதா முடிஞ்சிரும்லாம்மா."

மறுத்திருக்கலாம். பதவி ஆசை பிடித்தவள் என்று நாளைக்கே ஊர் முழுக்கப் பேசுவார்கள். அதையும் இந்த எட்டுப் பேரே பேசுவார்கள்.

தூக்கினாள்.

அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

நோட்டை விரித்தாள். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு முத்திரை குத்திய நோட்டு. ஒரு தாளைக்கூடக் கிழிக்கக் கூடாது. அடித்து எழுதினால் எத்தனை இடத்தில் அடித்தது என்று பக்கத்தின் அடியில் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டையெல்லாம் கிளையில் கொண்டுவந்ததே அவள்தான்.

ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டாள்.

திருமதி ம. பூரணவல்லி.

கோட்டுக்கு அடியில் பெயர் நன்றாகவே தெரிந்தது. அதற்கு மேல் சிறிய எழுத்தில் மருமகளின் பெயரை எழுதினாள். அடியில், 'அடித்தல் ஒன்று' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டாள்.

'ஏகமனதாக' என்பதைக் காலையிலேயே எழுதியிருந்தாள். அதைத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

டீ வந்தது. யாரும் அவள் பக்கம் திரும்பாமல் குடித்தார்கள்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கெல்லாம் வந்துரும்மா" என்றார் செயலாளர். "நீதான் இவள வீடு வீடாக் கூட்டிட்டுப் போணும். ஒனக்குத்தான எல்லாம் தெரியும்."

அது உண்மைதான். இந்தச் சின்னக் கட்சிக்குத் தேர்தலுக்குத் தேர்தல் வேறு சின்னம் தருவார்கள். ஒருமுறை தையல் மெஷின். போன முறை இஸ்திரிப் பெட்டி. ஒவ்வொரு தடவையும் வார்டின் ஒன்பது தெருவிலும் வாசல் வாசலாக நின்று, பழையதை மறக்கச் சொல்லிப் புதியதைக் காட்டியது அவள். போன முறை நின்றவர் ஆவுடைநாயகம். திறந்த ஜீப்பில் கும்பிட்டபடி போனார். பாதித் தெருக்களின் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

முப்பத்தெட்டு ஓட்டில் தோற்றார். அந்த அளவுக்காவது வந்தது காளவாய்த் தெருவால். அவள் குடியிருக்கும் தெரு அது. அங்கே விழுந்த நூற்றுப்பத்து ஓட்டும் அவள் முகத்துக்காக விழுந்தவை.

சுகிர்தா டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கெட்ட பெண்ணாகத் தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அக்கா, நம்ம வார்டுல எந்தெந்தத் தெரு வருது? சொல்லுங்க, குறிச்சுக்கறேன்."

போனை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள்.

பூரணவல்லி சொன்னாள். வாணியர் தெரு. தெப்பக்குளம் கீழ்கரை. பள்ளிவாசல் தெரு. தபால் ஆபீஸ் சந்து. ஒவ்வொன்றிலும் எத்தனை வீடு, யாரை முதலில் பார்க்க வேண்டும், எந்த வீட்டில் நாய் உண்டு என்பதுவரை சொன்னாள். பெண் தலையாட்டியபடி போனில் தட்டிக்கொண்டே வந்தாள்.

எட்டுத் தெரு முடிந்தது.

"அவ்ளோதானாக்கா?"

"அவ்வளவுதான்."

நோட்டைச் செயலாளரின் மேஜையில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு காளவாய்த் தெருவைப் பார்த்து நடந்தாள்.