ரெண்டுன்னே எழுதிக்குங்க

“வலி எவ்ளோ இருக்கு ஆன்ட்டி? சைபர்ல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க.”

“ரெண்டுதான் மிஸ்ஸி,” என்றார் சந்திரமதி. சொல்லும்போதே நெற்றியில் வியர்வை பொடித்தது.

தாதி லோஷினிக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. முழங்கால் மூட்டை மாற்றி இன்னும் முழுசாக இரண்டு நாள் ஆகவில்லை. பக்கத்து வார்டில் ஆஜானுபாகுவான ஆண்களெல்லாம் எட்டு, ஒன்பது என்று கூப்பாடு போடுகிறார்கள். செனாய் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்றே வேலை பார்த்த இந்த அம்மா, நேற்றிலிருந்து இரண்டைத் தாண்டவே மாட்டேன் என்கிறார்.

“நீங்க சொல்ற நம்பரை வச்சுத்தான் மருந்து ஆன்ட்டி. ரெண்டுன்னா சாதா மாத்திரைதான். வலியோட காலை மடக்க முடியாது. இப்ப மடக்கலைன்னா மூட்டு இறுகிப் போயிடும். அப்புறம் ஆபரேஷன் செஞ்சும் புண்ணியம் இல்ல.”

சந்திரமதி பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

அங்கே அவர் கணவர் அர்ச்சுனன், மனைவியின் கட்டுப் போட்ட காலையே வெறித்துக்கொண்டிருந்தார். பாசிர் கூடாங் துறைமுகத்தில் முப்பது வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்ந்தவர்.

“ரொம்ப வலிக்குதா சந்திரா? அலமாக், அடுத்த மாசம் எனக்கும் இதேதானே! வலிக்கும்னா இப்பவே சொல்லிடு. நான் வரலைன்னு சொல்லிடறேன்.”

“ஐயோ, வலியே இல்லீங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு.”

லோஷினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டி அறுத்த காலோடு கிடக்கிறாள், இந்த மனுஷனுக்குத் தன் முழங்கால் கவலை!

“அங்கிள், கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க. ஆன்ட்டிக்குத் துணி மாத்தணும்.”

அவர் நொண்டி நொண்டி வெளியே போனதுதான் தாமதம், சந்திரமதியின் முகம் சுருங்கிப்போனது.

“ஒம்பது மிஸ்ஸி. உயிர் போகுது.”

“பிறகு ஏன் ஆன்ட்டி ரெண்டுன்னு சொன்னீங்க?”

“அவரு காலும் என் காலு மாதிரிதான். ஒரு படி ஏற முடியல. ஆனா ஆபரேஷன்னாலே பயந்து சாவுறாரு. ‘நீ முதல்ல செஞ்சுக்க, வலி இல்லன்னா நானும் செய்றேன்’னு சொல்லியிருக்காரு. நான் கத்தினா ஆளு ஓடிடுவாரு. ரெண்டுன்னே எழுதிக்குங்க.”

சொல்லிவிட்டுத் தலையணை நுனியைக் கடித்துக்கொண்டார்.

லோஷினிக்கு அந்த மனுஷன் மேல் இருந்த கோபம் இன்னும் ஏறியது. நேரே வெளியே போனாள்.

“அங்கிள், உங்க பயத்துக்காக ஆன்ட்டி பொய் சொல்லிக்கிட்டுப் படுத்திருக்காங்க. அவங்க வலி ரெண்டு இல்ல, ஒம்பது.”

அர்ச்சுனனுக்கு முகம் வெளுத்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“ஒம்பதா? எனக்காகவா மறைச்சா?”

பிறகு சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் காலால் முடிந்த மட்டும் வேகமாக உள்ளே போனார்.

“சந்திரா, இங்க வலிக்கு நல்ல மருந்து இருக்காம், மிஸ்ஸி சொல்றாங்க. எவ்ளோ வலிச்சாலும் குறைஞ்சிடுமாம். அதை நான் கண்ணால பாக்கணும். நீ வலியை உள்ளபடி சொல்லு. மருந்து போட்டுக் குறையுதான்னு பாத்தாதான் எனக்குத் தைரியம் வரும்.”

சந்திரமதி அவரையும் பின்னாலேயே வந்த தாதியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்படின்னா... ஒம்பதுன்னு எழுதிக்குங்க மிஸ்ஸி.”

லோஷினி உடனே டாக்டரைக் கூப்பிட்டாள். மருந்து ஏறியது. முக்கால் மணி நேரத்தில் ஒன்பது மூன்றுக்கு இறங்கியது. இது நிஜமான மூன்று. சந்திரமதி காலை மெல்ல மடக்கினார், நீட்டினார், இன்னொரு தரம் மடக்கினார்.

“பாத்தீங்களா? அவ்ளோதான் லா. நீங்களும் தாராளமா செய்யலாம்,” என்று கணவரிடம் பெருமையடித்துக்கொண்டார். அர்ச்சுனன் கை தட்டாத குறைதான்.

மாத்திரை வாங்கி வரக் கிளம்பியவரை லோஷினி வார்டு வாசலில் நிறுத்தினாள். அவள் குரல் இப்போது இளகியிருந்தது.

“இனிமே பயமில்லையே அங்கிள்? அடுத்த மாசம் நீங்க வரும்போது நானே பாத்துக்கிறேன்.”

அர்ச்சுனன் கட்டில் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கு ஆபரேஷன் தேதியே இல்ல மிஸ்ஸி. என் இருதயம் தாங்காதுன்னு போன வருஷமே டாக்டர் கைவிரிச்சிட்டாரு. அவகிட்ட சொல்லல. சொன்னா, ‘உங்களுக்கு வராத நல்ல காலு எனக்கு மட்டும் எதுக்கு’ன்னு நின்னுடுவா. தனக்குன்னா அவ ஆஸ்பித்திரி வாசப்படிகூட மிதிக்க மாட்டா. எனக்குத் தைரியம் குடுக்கணும்னாதான் வருவா.”