மூன்றாவது சிலிண்டர்

"இதுக்கு மேல பூஸ்ட் ஏத்த முடியாது தம்பி. கார ஓரமா நிப்பாட்டுங்க."

மடியில் லெப்டொப்போடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த கராஜ்காரர் ரிஸ்வி இப்படிச் சொன்னதும் சுமனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றப் பெரிய டர்போ, பெரிய காற்றுக்குழாய், பெட்ரோல் பீச்சுவதற்கு நாலு பெரிய இன்ஜெக்டர் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து மாட்டியாகிவிட்டது. புதிதாக வந்ததையெல்லாம் எஞ்சினின் கம்பியூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைதான் பாக்கி. அதற்காகத்தான் காலையிலிருந்து இருவரும் ராகலை ரோட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் நானா முடியாது?" ரிஸ்வியை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் சுமன் கூப்பிடுவான்.

"மூணாவது சிலிண்டர் தட்டுது. அதுக்குப் பெட்ரோல் பத்தல. இன்னும் காத்த ஏத்தினா பிஸ்டன் ஓட்டையாகிடும்."

"மீட்டர்ல பெட்ரோல் சரியாத்தானே காட்டுது?"

"அது நாலுக்கும் சேர்த்துக் காட்டுறது. மத்த மூணும் வயிறு முட்டக் குடிக்குது. இது ஒண்ணு பட்டினி கெடக்கிறது வெளிய தெரியல."

சுமன் நம்பவில்லை. சனிக்கிழமை நுவரெலியாவில் மலையேற்றக் கார் பந்தயம். அதே ரகக் காரோடு அதே பிரிவில் இறங்குகிறான் பஸ்லான். அவன் ரிஸ்வியின் சொந்த அக்கா மகன். இரண்டு காருக்கும் ஒரே கராஜ், ஒரே லெப்டொப். பிறகு எப்படி நம்புவது?

சுமன் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவன். அவன் தோட்டத்திலிருந்து இதுவரை ஒருவரும் இந்தப் பந்தயத்தில் இறங்கியதில்லை. டவுன்காரர்கள் ஓட்டுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்து, கை தட்டிவிட்டு வந்தவர்கள்தான். இந்த முறை அவனைப் பார்க்க தோட்டத்து டிவிஷன் சனமே லொறி பிடித்து வரப்போகிறது. அத்தனை பேர் கண்ணெதிரே கார் முக்கி முனகி ஏறினால் எந்த முகத்தோடு தோட்டத்துக்குத் திரும்புவது? ஜெயித்தே ஆக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

"நானா, நேராவே கேக்குறேன். மருமகன் ஜெயிக்கணும்னு என் கார அமுக்கி வைக்கிறீங்களா?"

ரிஸ்வி லெப்டொப்பை மூடினார். "கார கராஜ்ல விட்டுட்டுப் போங்க. நாளைக்குப் பாப்போம்."

"நாளைக்கும் இதே கதைன்னா கொழும்புக்குக் கொண்டு போயிருவேன்."

"கொண்டு போங்க. அங்க காத்து கனம், இங்க மெலிசு. அங்க போடுற கணக்கு இந்த மேட்டுல நிக்குமான்னு பாத்துட்டு வாங்க."

மறுநாள் அதே ஏற்றத்தில் கார் சுமனின் முதுகை சீட்டோடு அமுக்கியது. ரிஸ்வி பூஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றினார். மறுபடி ஓட்டச் சொல்லிக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். மறுபடி ஏற்றினார். எஞ்சினில் ஒரு தட்டல் இல்லை.

"நேத்து முடியாதது இன்னிக்கு எப்படி நானா முடிஞ்சுது?"

"கோளாறு போயிருச்சு. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

சத்தம் போட்டால்தான் வேலை நடக்கிறது என்று சுமன் முடிவு கட்டிக்கொண்டான். அந்த முடிவு அவனுக்கு ரொம்பப் பிடித்தும் இருந்தது.

சனிக்கிழமை பந்தய இடத்தில் ரிஸ்வி அவன் கார் பக்கமே வரவில்லை. மருமகனின் காருக்குள் ஏறி உட்கார்ந்து லெப்டொப்பைத் தட்டியவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

கூட வந்திருந்த அழகுமுத்து சுமனின் காதைக் கடித்தான். "மச்சான், கடைசி நேரத்துல அங்க என்னத்த மாத்துறாங்க? சட்டத்துல சொன்னதவிடப் பெரிய இன்ஜெக்டரப் போட்டிருப்பாங்க. பேசாம சொல்லிரு."

சுமன் தயங்கினான். அந்த நேரம் பார்த்து லொறி வந்து நின்றது. இறங்கிய பெண்கள் வேலியோரம் வரிசை கட்டி, அவன் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தார்கள். அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை. நேரே பந்தய அதிகாரியிடம் போனான்.

"சேர், அந்தக் கார ஒருக்காத் தொறந்து பாருங்க. அளவுக்கு மிஞ்சின இன்ஜெக்டர் போட்டிருக்காங்க" என்று சிங்களத்தில் போட்டுக்கொடுத்துவிட்டான்.

அதிகாரி வந்தார். பஸ்லான் பொனட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். டோர்ச் அடித்துக் குனிந்து பார்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பெரிசா? கம்பனியில இருந்து கார் வந்தப்போ இருந்த சின்ன இன்ஜெக்டர்தான் இருக்கு. இத வச்சுக்கிட்டு இவர் மேல போய்ச் சேர்ந்தாலே பெரிய விஷயம்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு நடந்தார்.

சுமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை; பஸ்லானிடம் போனான். "தம்பி, ஒங்க கார்லயும் பெரிய இன்ஜெக்டர்தானே இருந்துச்சு? நானே பாத்தேனே?"

பஸ்லான் தன் மாமாவைப் பார்த்தான். ரிஸ்வி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது நாலும் ஒங்க கார்ல இருக்கு அண்ணே. ஒங்களோடதுல ஒண்ணு சரியாப் பீச்சல. கழுவிப் பாத்தும் சரி வரல, கொழும்புல இருந்து எடுக்க நேரமும் இல்லன்னு மாமா சொன்னாரு. நாலும் ஒரே செட்டா இருக்கணும்னு நான்தான் மொத்தமாக் கழட்டிக் குடுத்தேன். சொன்னா வாங்க மாட்டீங்கன்னு சொல்லல. அதான் இப்ப சின்னதுக்கு ஏத்த மாதிரி என் கார மாத்திக்கிட்டு இருக்காரு."

சுமன் திறந்திருந்த பொனட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"அப்ப ஒங்க பந்தயம்?"

பஸ்லான் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"நான் அடுத்த வருஷமும் ஓடலாம் அண்ணே. கொழுந்து கூடுன நேரத்துல, ஒரு நாள் பேர, சம்பளத்த விட்டுட்டு ஒங்களப் பாக்க வந்திருக்காங்களே, அவங்கள எப்படி வெறுங்கையோட அனுப்புறது?"