பவளத்தின் தோளில் வளையம்

“உன் தங்கச்சி ஊர்ல ரயில் நிக்காதாம். டிரைவர் வளையம் வாங்க மெதுவாப் போகுமாம், அவ்வளவுதான்,” என்றார் கணவர். தீவின் மலைக்குள் ஏறும் அந்தப் பழைய சுற்றுலா ரயிலில் எல்லாரும் அருவியைப் பார்க்க, தவமணி உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள். பதினோரு வருஷமாகப் பேசாத தங்கை பவளம் ஸ்டேஷன் மேடைக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள். ஒற்றைத் தண்டவாளம் என்பதால், அனுமதிக்கு அடையாளமான அந்த வளையம் டிரைவர் கைக்கு வராமல் எந்த வண்டியும் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது. தங்கை ஊர் மேடையை ஒட்டி ரயில் ஊர்ந்துவர, ஸ்டேஷன் மாஸ்டர் டிரைவரிடம் அதை நீட்டியபோது பவளம் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். ரயில் நின்றது.

“குடும்மா, என் வேலை போயிரும்,” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

“அக்காவ இறங்கச் சொல்லுங்க, தாறேன்.”

“நீ ஏறி வாயேன்டி,” என்றாள் தவமணி, படியில் நின்றபடி.

“நீதானே என்னை விட்டுட்டுப் போனவ, நீ இறங்கி வா.”

வளையம் கேட்டு எஞ்சின் கூவியது. தவமணியின் ஒரு கால் படிக்கும் மேடைக்கும் நடுவே தொங்கியது.