நிழல்வலைக் கணக்கு

"மறுபடியும் ரெண்டு வாயையும் திறந்தே விட்டுட்டீங்களே சார்! நாய் உள்ளே போய்ப் படுத்துக்கவா?"

டீச்சரம்மா சாக்பீஸால் கரும்பலகையைத் தட்டினாள். ஒட்டுக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். பலகையில், பாதியாக வெட்டிக் கவிழ்த்த குழாய் மாதிரி ஒரு நாற்றுக் கூடாரம். நீளம் இருபது மீட்டர், அகலம் ஆறு மீட்டர். அதைச் சுற்றிலும் மூட எவ்வளவு நிழல்வலை வாங்க வேண்டும்?

"முதுகுக்குச் சரியா வந்துச்சே," என்றார் பாவமாக.

"முதுகுக்கு வந்துச்சு. முன்னாடியும் பின்னாடியும்? தலையணை உறை தைச்சு ரெண்டு பக்கமும் மூடாம விட்டா பஞ்சு நிக்குமா?"

டீச்சரம்மா கூடாரம் தைக்கும் பட்டறையில் வருஷக்கணக்காகத் துணி வெட்டியவள். எந்த வளைவுக்கு எவ்வளவு துணி போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதனால் எல்லோருக்கும் அவள் டீச்சரம்மாதான்.

"விடுங்க டீச்சரம்மா. செடிக்குக் காத்தோட்டமா இருக்கட்டும்," என்றான் பீப்பாய். உடம்பைப் பார்த்தாலே பெயருக்குக் காரணம் தெரிந்துவிடும்.

"நீ முதல்லே உன் வாயை மூடு. அதுக்கு வலை வேணும்னா சொல்லு, அளந்து தர்றேன்."

அறை முழுக்கச் சிரித்தது. ஒட்டுக்காரர் சிரிக்கவில்லை.

காய்ந்த குச்சியைக் கையில் கொடுத்தாலும் இன்னொரு செடியோடு ஒட்டுக் கட்டித் துளிர்க்க வைத்துவிடுவார் அவர். எண்களைக் கண்டால் மட்டும் அதே விரல்கள் தப்புத் தப்பாக எழுதும். பத்து மணிக்கு மேலதிகாரி வருகிறார். அவர் கண் முன்னால் பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். தப்பாகப் போட்டால் வேலை போய்விடும். ஐம்பது வயதுக்கு மேல் வேறொரு வாசலில் போய் நின்று வேலை கேட்க அவருக்குத் தெம்பில்லை.

"வேணாம்மா," என்றார். "இது எனக்கு ஏறாது. கணக்கு வராதுன்னு நானே போய்ச் சொல்லிடறேன்."

"சொல்லிட்டு? வீட்டிலே உங்க சம்சாரம் கேட்டா என்ன பதில் வெச்சிருக்கீங்க?"

"அவ கேக்க மாட்டா. ஒரு பார்வை பார்ப்பா. அதைத்தான் தாங்க முடியாது."

பீப்பாய் குறுக்கே புகுந்து, "உங்களை விட்டா இங்கே ஒட்டுக் கட்ட வேற ஆளு ஏது சார்?" என்றான்.

ஒட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"அழிம்மா. முதல்லேருந்து போடறேன்."

முதுகைப் போட்டார். நூற்று எண்பத்தெட்டு சொச்சம்.

"இப்ப ரெண்டு வாய். ஒவ்வொண்ணும் அரை வட்டம். சேர்த்தா?"

"சேர்த்தா... ஒரு முழு வட்டம். இருபத்தெட்டு சொச்சம்." சாக்பீஸ் கிறீச்சிட்டது. "ஆக மொத்தம், இருநூத்திப் பதினாறுக்கு மேலே. இருநூத்திப் பதினேழா வாங்கிடணும்!"

"அப்பாடா! நாய்க்கு இனிமே வேற இடம் பார்க்கணும்."

"வந்துட்டாரு! வந்துட்டாரு!" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. டீச்சரம்மா பலகையைத் துடைத்துவிட்டுச் சட்டென்று விலகிக்கொண்டாள்.

மேலதிகாரி உள்ளே வந்தார். ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா அது?"

"ஆமாங்க ஐயா."

"சரி, போடுங்க. கூடாரக் கணக்கு வேண்டாம், அதை எல்லாரும் உருப்போட்டு வெச்சிருப்பாங்க. ஒரு மண்மேடு. ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் செங்குத்து. அடியிலே அகலம் நாலு மீட்டர், உயரம் மூணு, நீளம் பத்து. சரிவு முழுக்கப் புல் விரிக்க எவ்வளவு புல் வேணும்?"

மேட்டுக் கணக்குப் பக்கம் டீச்சரம்மாவும் அவரும் போகவே இல்லை.

ஒட்டுக்காரர் நாலு என்று எழுதினார். பக்கத்தில் பத்து என்று எழுதினார். பெருக்கப் போன கை நின்றது. கண்ணை மூடிக்கொண்டார். புல்சுருளைத் தோளில் தூக்கிப்போய் மேட்டில் உருட்டிவிட்டால் அது மண்ணுக்கு அடியிலா போகும்? சரிவின் மேல்தானே ஏறும்? சரிவு எத்தனை மீட்டர்? பாத்திக்கு மூலை பிடிக்கும்போது கயிற்றில் இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் நாலு வைத்தால், குறுக்கே இழுக்கிற கயிறு எப்போதும்...

நாலை அழித்துவிட்டு அஞ்சு என்று எழுதினார். பிறகு பெருக்கினார்.

"அம்பது சதுர மீட்டருங்க. நாப்பதுன்னு வாங்கினா, மேட்டோட உச்சி மொட்டையா நிக்கும்."

மேலதிகாரி வாய்விட்டுச் சிரித்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒட்டுக் கட்டச் சொல்லிக்கொடுக்கிறவர் தலையிலே கணக்கு வகுப்பையும் சேர்த்துக் கட்டறாங்களேன்னு எனக்குக் கொஞ்சம் பயம்தான். இப்ப போச்சு," என்றவர் பெஞ்சுகளின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க, உங்க வாத்தியார் நடத்தற கணக்கு புரியுதா?"

முதல் பெஞ்சில் மற்ற மாணவர்களோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டீச்சரம்மா, சாக்பீஸ் தூள் படிந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பவ்யமாக எழுந்தாள்: "சார் ஒரு தடவை சொன்னா போதுங்க ஐயா, மறுதடவை கேட்கவே வேண்டியதில்லை!"