ஓடைக்குத் திறந்த குறுக்குவழி

“மலையில எதை வாங்கினாலும் சதுப்புல...” உச்சிப்பாறை எப்போதோ சொன்னதில் ஓடைக்கு மிச்சம் நினைவில்லை.

தேயிலைச் சரிவின் உரத்தையும் செம்மண்ணையும் சுமந்து கலங்கி வந்த ஓடை, சதுப்பருகே தயங்கியது. மழையில் கரை உடைந்து, கீழே மடுவுக்கு நேராக ஒரு குறுக்குவழி திறந்திருந்தது.

“அண்ணே, அந்தப் பக்கம் வந்துடாதீங்க!” என்று மடுவிலிருந்து அயிரை மீன் கத்தியது. “கூழாங்கல் நடுவுல முட்டையிட்டிருக்கேன். இந்தச் சேறு மூடினா ஒண்ணுகூடப் பொரியாது.”

“கோரைக்குள்ள நுழைஞ்சா ஊர்ந்துல்ல போகணும்?” என்று முனகியது ஓடை.

சதுப்பில் நின்ற கோரை சிரித்தது. “போன மழையிலும் என்னைத் திட்டிக்கிட்டேதான் போனீங்க. வெளியே வந்தப்ப எப்படி இருந்தீங்க?”

அடிமணல் தெரியுமளவு தெளிந்திருந்ததை ஓடை நினைத்துப் பார்த்தது. அந்தச் சேறும் உரமும் கோரையின் வேரடியில்தான் தங்கியிருந்தன.

“அத்தனையும் வாங்கிக்கிட்டு எப்படித்தான் இவ்வளவு பச்சையா நிக்கிறியோ!” என்று கோரையைப் பார்த்து வியந்தது ஓடை.

ஓடை கோரைக்குள் திரும்பியது.