மோட்டார் இல்லாத நான்கு மணி நேரம்

ஏரியில் மோட்டார் படகுகளை மறுபடி ஓடவிடச் சொல்லி மனு கொடுத்தவர்கள் துடுப்புப் படகுக்காரர்கள்.

இரண்டு முறை படித்தேன். சத்தம் தாங்கவில்லை என்று ஆறு மாதமாக என் உயிரை வாங்கியவர்கள் இவர்கள்தான். காலை ஆறு முதல் பத்து வரை மோட்டார் கூடாது என்று நான் உத்தரவு போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்த உத்தரவை நான் அவர்களுக்காகப் போடவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் என் தம்பியின் துடுப்புப் படகு இந்த ஏரியின் நடு ஆழத்தில்தான் கவிழ்ந்தது. தானாகக் கவிழ்ந்தது என்றது அறிக்கை. அவன் நிச்சயம் கத்தியிருப்பான். மோட்டார் இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

மனுவில் காரணம் எதுவும் இல்லை. கையெழுத்துகள் மட்டும் கோணல்மாணலாக இருந்தன.

மோட்டார் படகுச் சங்கத் தலைவரைக் கூப்பிட்டேன். மீசையை முறுக்கிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஆழத்துல நாங்க வேகமா போறது திமிருன்னு நெனச்சீங்க மேடம். அந்த இடத்துல மட்டும் இன்ஜின அணைக்கக் கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு. மூணு வருஷமா."

ஏன் என்று கேட்டதும் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் ஏழு மணிக்கு நானே தனியாகத் துடுப்பு போட்டுப் போனேன். நல்ல வெயில். ஆழத்துக்கு வந்ததும் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு படகுக்கு அடியிலிருந்து, பலகையில் வாயை வைத்துப் பேசுவதுபோல ஒரு முணுமுணுப்பு வந்தது.

திரும்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அந்தக் குரல் அக்கா என்றது.

குப்புறப் படுத்துப் பலகையில் காதை வைத்தேன்.

பத்து மணிக்குக் கரையில் மோட்டார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை.

அலுவலகத்துக்கு வந்ததும் புது உத்தரவு எழுதினேன். இனி நாள் முழுவதும் ஏரியில் மோட்டார் கூடாது.

குமாஸ்தா தலையைச் சொறிந்தார். "அவங்க கேட்டது வேறயாச்சே மேடம்."

முத்திரையை அழுத்திக் குத்தினேன்.

தன் படகை இடித்தவன் யார் என்று தம்பி சொல்ல வந்தபோதுதான் மணி பத்தாகிவிட்டது.