பிச்சையாவின் உப்பும் பத்துச் சொட்டு மருந்தும்

திருச்செந்தூர் முருகன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. துறைமுகக் கொட்டகையின் கூரை ஓட்டை வழியே காலை வெயில் இறங்கி, மேசை மேலிருக்கும் கண்ணாடிக் குழாயில் விழுகிறது. குழாய்த் தண்ணீரில் பிச்சையாவின் உப்பு கரைந்து நிற்கிறது. உப்பளத்தில் தேங்கிய கசப்புத் தண்ணீரை வடிக்காமலே அவர் அவசரமாக வாரிய உப்பு அது. அதைக் கொத்திய காக்கை மூன்று நாள் வாய் திறக்கவில்லை. பரிசோதகர் பாஸ்கல் மருந்துச் சீசாவைத் திறக்கிறார். "வெள்ளையாக் கலங்குச்சுன்னா கலப்பு உப்பு. இந்த வருசத்துக் குவியல் பூராவும் கடலுக்குத்தான், அண்ணாச்சி." "சுத்த உப்புய்யா. சாமிக்குப் படைக்கிற சோத்துலயே போடலாம்" என்கிறார் பிச்சையா. "பொறவு எதுக்குத் தூணப் புடிச்சிட்டு நிக்கிய?" முதல் சொட்டு விழுகிறது. பத்தாவதும் விழுகிறது. கலங்கவே இல்லை. குழாய் வழியே பார்த்தால் கொழும்புக் கரையில் ஒருத்தி துணி உலர்த்துவது தெரிகிறது, பச்சைச் சேலை. பிச்சையா விட்ட பெருமூச்சில் கரையோரத் தோணி ஒன்று பாய் விரித்துக் கிளம்புகிறது. 'சுத்தம்' என்று எழுதி முத்திரை குத்துகிறார் பாஸ்கல்.

யுத்தம் தொடங்கியதிலிருந்து அந்த மருந்து கப்பலில் வரவே இல்லை. சீசாவில் இருந்தது பாஸ்கல் குடிக்கிற தண்ணீர்.